இருபத்தேழாம் நம்பர் டோக்கன்

எட்டு மாசங்க. சரியாச் சொன்னா எட்டு மாசம் நாலு நாளு. நீங்க தாராளமா உக்காருங்க சார், ஒதைக்க மாட்டா. ஒதைச்சாலும் காலுல செருப்பு கெடையாது. இந்தப் பையை மட்டும் கொஞ்சம் இப்படி வெச்சுக்கறேன். அதுல பதினோரு உருப்படி இருக்குது. ஒண்ணு உருண்டு போனாலும் நான் மறுபடி மொதல்ல இருந்து எண்ணணும்.

ஆண்டாளுன்னு பேரு. ஆமாங்க, ஆண்டாளேதான். இந்தக் காலத்துல இந்தப் பேரான்னு உங்களோட சேத்து ஒம்போது பேரு கேட்டாச்சு.

அம்மாவா? அதோ முன்னாடி. டிரைவருக்குப் பின்னாடி மூணாவது சீட்டு, பச்சைப் பொடவை. கமலான்னு பேரு. உளுந்தூர்பேட்டையில ஏறினதும் கொழந்தையை என் மடியில வெச்சுட்டு விறுவிறுன்னு போயி அங்க உக்காந்துட்டா. கோவம்தான் சார். நேத்து மத்தியானம் மூணு இருவதுக்குப் பேச்சை நிறுத்தினா. இப்ப மணி பத்து நாப்பது. பத்தொம்போது மணி நேரம் இருவது நிமிசம் ஆவுது. நடுவுல ராத்திரி ஒரே ஒரு தடவை வாயத் தொறந்து ஒரு கண்டிசன் போட்டா. கள்ளக்குறிச்சி ஸ்டாண்டுல இந்த பஸ்ஸு போயி நிக்கறதுக்குள்ள நான் ஒரு வேலையை முடிக்கணும். முடிச்சா எங்கூட மூங்கில்துறைப்பட்டு பஸ்ஸுல ஏறுவா. முடிக்கலைன்னா கொழந்தையைத் தூக்கினு திருநாவலூருக்குத் திரும்பிடுவா. அங்க அவளுக்கு மனுசங்க இருக்கறாங்க. சொன்னா செய்யற ஆளு சார் அவ.

இன்னா வேலையா? சொல்றேன். நேரா அதைச் சொல்ல எனக்கு வாய் வராதுங்க. சாதாரணமா நான் பஸ்ஸுல பேசற ஆளே கெடையாது. மில்லுல எனக்கு ஊமையன்னுதான் பேரு. இன்னிக்கு இன்னாடான்னா உங்களைப் புடிச்சுகினு வளவளன்னு பேசறேன். மன்னிச்சுக்கங்க. நடந்ததை மொதல்ல இருந்து சொன்னாத்தான் கடைசிக்கு வர முடியும்.

நேத்து நாங்க மெட்ராஸ் பக்கத்துல ஒரு பெரிய பார்க்குக்குப் போயிருந்தோம். ராட்டினம், ரயிலு, தண்ணியில சறுக்கறது, எல்லாம் ஒரே எடத்துல இருக்குமே, அது. எட்டு மாசக் கொழந்தைக்கு அங்க இன்னா வேலைன்னு நீங்க கேக்கறது சரிதான். நானும் கேட்டேன். கமலாவுக்கு அது ஒரு வேண்டுதல். கல்யாணமாயி இருவத்திரெண்டு வருசம் கழிச்சுப் பொறந்த கொழந்தைங்க இது. அதுக்குள்ள அவ வேண்டாத கோயிலு இல்ல, நாப்பத்தொண்ணு. நான் ஒரு நோட்டுல எழுதி வெச்சிருக்கறேன். ஒரு நாளு டிவியில இந்தப் பார்க்கு வெளம்பரம் ஓடுச்சு. ஒரு புருசன் பொண்டாட்டி, கையில கொழந்தை, அலைத் தண்ணியில நின்னு சிரிக்கறாங்க. கமலா அதையே பாத்துகினு இருந்துட்டு, நமக்கும் பொறந்தா மொதல்ல அங்கதான் தூக்கினு போவணும்னா. நாப்பத்திரெண்டாவதா அதையும் எழுதிக்கினேன். நாப்பத்தொரு சாமிக்கும் செஞ்சு முடிச்சாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி.

கேட்டுல ஒரு அளவுக் கம்பம் நிறுத்தியிருக்கறான். மூணு அடிக்கு மேல இருந்தாத்தான் டிக்கெட்டு. எனக்கு அந்தக் கம்பத்தைப் பாத்ததும் மனசுக்குத் தெம்பா இருந்துது. எதையும் அளந்து வுடற எடம் நல்ல எடம்தானே. இவளை அதுல நிமித்தி நிறுத்திப் பாத்தேன். ரெண்டு அடி மூணு அங்குலம். அங்க நின்னுகினு இருந்த செக்யூரிட்டி, தாத்தா, கைக்கொழந்தையை எல்லாம் அளக்க வேணாம், சும்மா போங்கன்னுட்டான். எனக்குப் பின்னாடி நின்ன ஜனம் சிரிக்குது.

அங்கதான் மொதல் தாத்தா. அப்புறம் பையைப் பாக்கற அம்மா, ரெண்டாவது. வெளித் தீனி எதுவும் உள்ள வுட மாட்டாங்களாம், கொழந்தைக் கஞ்சின்னா மட்டும் வுடுவாங்களாம். கேவுருக் கஞ்சிங்கன்னேன். அது மோந்து பாத்துட்டு மொகத்தைச் சுளிச்சுது. எங்க, ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க தாத்தான்னுச்சு. அத்தனை பேரு முன்னாடி கொழந்தையோட கிண்ணத்துல கஞ்சி குடிச்சுக் காட்டினேன் சார். மீசையில ஒட்டினு இருந்துதாம். யாரும் சொல்லல. ஒரு மணி நேரம் கழிச்சு ஃபோட்டோ எடுக்கறவன் சொன்னான். அவன் கூப்புட்ட தாத்தா ஏழாவது.

ஆமாங்க, எண்ணிக்கினுதான் வந்தேன். நேத்து ஒரு நாளு மட்டும் என்னைத் தாத்தான்னு கூப்புட்டவங்க இருவத்தி மூணு பேரு. எதுக்கு எண்ணினேனா? பழக்கம்ங்க. முப்பத்தி நாலு வருசம் சக்கரை மில்லுல டோக்கன் குடுக்கற வேலை. கரும்பு வண்டி வந்தா நம்பர் போட்ட தகரத்தைக் குடுக்கணும், வரிசைப்படி எடைக்கு அனுப்பணும், தகரத்தைத் திருப்பி வாங்கிக்கினு எடைச் சீட்டுக் குடுக்கணும். சீசன்ல ரெண்டு மைலுக்கு வண்டி நிக்கும். மாட்டு வண்டி, டிராக்டரு எல்லாம். போன மார்ச்சுல ரிட்டயர்டு ஆனேன். எண்ணறது மட்டும் இன்னும் ரிட்டயர்டு ஆவல.

இது எலவனாசூர்கோட்டை. ரெண்டு நிமிசம் நிப்பான். டீ எதுனா வேணுமா உங்களுக்கு? சரி, சரி. எனக்கும் வேணாம். மடியில இவ தூங்கறா.

பார்க்குல மொத்தம் நாப்பத்தி மூணு ஆட்டம்னு போர்டுல போட்டிருந்துது. அதுல கைக்கொழந்தையோட ஏறக்கூடியது மூணே மூணு. ஒண்ணு பொம்மை ரயிலு. ஏறி உக்காந்து மணி அடிச்சதும் இவ என் வேட்டியில போய்ட்டா. ரயிலு ஒரு சுத்துக்கு எம்பது மீட்டரு. நான் நனைஞ்சுகினே ரெண்டு சுத்து வந்தேன். ரெண்டாவது குதிரை ராட்டினம், அதுல இவ தூங்கிட்டா. மூணாவது கண்ணாடி ரூமு. உள்ள போனா நம்மளையே குட்டையா, நெட்டையா, குண்டாக் காட்டுது. இவ பயந்து அலறினா. எனக்கும் பயமாத்தான் இருந்துது. எந்தக் கண்ணாடியில பாத்தாலும் முடி மட்டும் வெள்ளையாவே தெரியுது சார்.

மத்த நாப்பதுக்கும் நான் கீழ நின்னுகினு இருந்தேன், கமலா ஏறினா. எல்லாத்துலயும் இல்லைங்க, ஆறுல. பெரிய ராட்டினத்துல மேல போயி கையக் காட்டினா. எட்டு சுத்துன்னு எழுதியிருக்குது, ஏழுதான் சுத்தினான். போயி கேக்கலாம்னு ரெண்டு அடி வெச்சேன். அப்புறம் திரும்பிட்டேன். எதுவா இருந்தாலும் ரெண்டு அடிதான் நம்ம தைரியம். அந்த ராட்டினத்துக்கே எவ்ளோ பேரு கத்தறான் மேல! நம்ம வெள்ளிமலைக்குப் போற பஸ்ஸுல கடைசி சீட்டுல உக்காந்து பாத்தா தெரியும், கல்வராயன் மலை வளைவுல அதைவிட ஜாஸ்தி தூக்கிப் போடும். அதுல எவனும் கத்த மாட்டான், மூட்டையைத்தான் கெட்டியாப் புடிச்சுக்குவான்.

மத்தியானம் ரெண்டரைக்கு அலைக்குளம். கமலா இதுக்குத்தான் வந்தா. ஆனா வேட்டி கட்டிக்கினு எறங்கக் கூடாதாம். வாடகைக்கு ஒரு நிஜாரு குடுத்தான். முட்டிக்கு மேல நிக்குது. ஊதாக் கலரு, அது மேல மஞ்சள் மீனு. நான் எண்ணிப் பாத்தேன், முன்னாடி ஒம்போது மீனு, பின்னாடி எவ்ளோன்னு தெரியல. அஞ்சாங் கிளாஸு வுட்ட பொறவு நான் நிஜாரு போட்டதில்ல சார். ரூமை வுட்டு வெளிய வரவே பத்து நிமிசம் ஆச்சு.

வெளிய வந்தா, கைக்கொழந்தையை அலைக்குள்ள வுட மாட்டாங்களாம். டிவியில காட்டினியேப்பான்னு கேக்க முடியுமா. அதுக்குன்னு ஏசி போட்டு ஒரு கொழந்தை ரூமு வெச்சிருக்கறாங்க. அங்க வுட்டுட்டுப் போலாம், பாத்துக்குவாங்க. கமலா துணி மாத்தப் போயிருந்தா. நான் மட்டும் இவளைத் தூக்கினு வரிசையில நின்னேன். எனக்கு முன்னாடி ஆறு ஜோடி, பின்னாடி அஞ்சு ஜோடி. எல்லாம் இருவத்தஞ்சு, முப்பது வயசு. நடுவுல நானு, மீனு போட்ட நிஜாரோட.

மேசையில ஒரு பொண்ணு. தங்கமணின்னு சட்டையில பேரு குத்தியிருந்துது. நல்ல பொண்ணு, மரியாதையாப் பேசுச்சு. ஒரு ஃபாரத்தை நீட்டி, கொழந்தை பேரு, வயசு, கொண்டாந்தவரு இன்னா ஒறவுன்னு எழுதுங்க, அப்பான்னா அப்பா, அம்மான்னா அம்மா, தாத்தான்னா தாத்தான்னு சொல்லிட்டு, என்னை ஒரு தடவை பாத்துட்டு, தாத்தான்னு போட்டுக்கங்கன்னுச்சு. எனக்குப் பின்னாடி ஒரு பையன் கடிகாரத்தைப் பாக்கறான். நான் எழுதினேன். தாத்தா. எழுத்து நல்லா குண்டு குண்டா வந்துது. இருவத்தேழாம் நம்பர் டோக்கன் குடுத்தாங்க. தகரம் இல்ல, பிளாஸ்டிக்கு.

அப்புறம் அலையில எறங்கினோம். கமலா என் கையைப் புடிச்சுக்கினா. நாலு அலைதான் சார் வந்துது. அஞ்சாவது வர்றதுக்குள்ள மைக்குல சொல்றாங்க, டோக்கன் நம்பர் இருவத்தேழு, கொழந்தை ரொம்ப அழுவுது, உடனே வரவும். கமலாவுக்கு அந்தச் சத்தத்துல காதுல வுழல. நான் ஓடினேன். சொட்டச் சொட்ட, வழியெல்லாம் தண்ணி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இவ. மொகமெல்லாம் செவந்து கெடக்குது. என்னைப் பாத்ததும் ரெண்டு கையையும் நீட்டறா. நான் டோக்கனை நீட்டினேன். அந்தப் பொண்ணு ஃபாரத்தைப் பாத்துட்டு, தாத்தா, உங்க கிட்ட குடுக்கக் கூடாது, அப்பாவோ அம்மாவோ வந்து கையெழுத்துப் போட்டாத்தான் குடுப்போம், ரூல்ஸுன்னுச்சு.

எனக்குக் கோவம் வரல சார். சத்தியமா வரல. அது செஞ்சது சரி. மில்லுல நான் அதைத்தானே செஞ்சேன். கரும்பு வெட்டச் சொல்லி மில்லு குடுக்கற உத்தரவு யாரு பேருல இருக்குதோ, அந்த உடையவன் வந்தாத்தான் சீட்டு. ஒரு தடவை பாவாடைன்னு ஒருத்தரு, மாப்பிள்ளையோட வண்டியை ஓட்டியாந்துட்டு, நான் அவனுக்கு மாமனாருப்பா, குடுப்பான்னு கெஞ்சினாரு. குடுக்கலையே. உடையவன் நேருல வரணும்னு ஒரு நாளு பூரா மரத்தடியில உக்கார வெச்சேன். அன்னிக்கு அவரு எப்படி நின்னாரோ அப்படி நின்னேன் நேத்து. அவருக்காவது வேட்டி இருந்துது.

பதினாறு நிமிசம். செவுத்துல கடிகாரம் இருந்துது, அதைப் பாத்துகினே நின்னேன். இவ அழுவறது கண்ணாடி வழியாக் கேக்காது, வாய் மட்டும் தெரியும். எனக்குப் பின்னாடி ஜனம் வருது, போவுது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். தொண்டை வரைக்கும் வருது, அந்த மீனு நிஜாரைக் குனிஞ்சு பாக்கறேன், உள்ள போய்டுது.

இன்னா வார்த்தையா? இருங்க சார், அங்கதான் வந்துகினு இருக்கறேன்.

ரெண்டாவது தடவை மைக்குல சொன்னப்பத்தான் கமலா ஓடியாந்தா. நான்தான் இவளுக்கு அம்மா, புள்ளையைக் குடுங்கன்னா. கொழந்தை அழுவறதையும் பாத்தா, நான் டோக்கனைக் கையில வெச்சுகினு கல்லாட்டம் நிக்கறதையும் பாத்தா. அந்தப் பொண்ணு அவளுக்கு ஃபாரத்தைத் திருப்பி, கொழந்தையோட அப்பா பேரு இங்க எழுதணும், சொல்லுங்கன்னுச்சு. எங்க பக்கத்துல பொம்பளைங்க வூட்டுக்காரன் பேரை வாயால சொல்ல மாட்டாங்க, உங்களுக்குத் தெரியும். பக்கத்துல இருக்கறவங்களைச் சொல்லச் சொல்லுவாங்க. கமலா என்னைப் பாத்தா. நான் சொன்னேன், தெய்வசிகாமணின்னு எழுதிக்கங்கம்மா.

அந்தப் பொண்ணு எழுதிக்கினே கேக்குது, அவரு வரலையா?

கமலா என்னையே பாக்கறா சார். கண்ணு கொட்டாம பாக்கறா. பின்னாடி நாலு பேரு நிக்கறாங்க. நான் சொன்னேன், அவரு வெளியூரு போயிருக்காரும்மா.

அதாங்க அவ பேச்சை நிறுத்தின மூணு இருவது.

கமலா கையெழுத்துப் போட்டா, கொழந்தையை வாங்கினா, நடந்துட்டா. அங்க ஒரு சொந்தக்காரங்க வூட்ல ராத்திரி தங்கினோம். நான் வராண்டாவுல படுத்துகினு இருந்தேன். வந்து நின்னு அந்தக் கண்டிசனைச் சொல்லிட்டு கதவைச் சாத்திக்கினா.

இன்னா, நீங்க எழுந்துக்கறீங்க? தியாகதுருகமா? நீங்க இங்கயா எறங்கறீங்க? நான் கள்ளக்குறிச்சின்னு நெனச்சுகினு இல்ல நிதானமாப் பேசிகினு வந்தேன்! முன்னாடியே கேட்டிருக்கணும். எல்லாத்தையும் எண்ணினேன், இதைக் கேக்காம வுட்டேன். ஒரு நிமிசம் சார். கூட்டம் எறங்கட்டும், எப்படியும் டிரைவரு டீ குடிப்பான்.

என் பேரா?

தெய்வசிகாமணிங்க.

ஆமா. அதே ஆளுதான். வெளியூரு போயிருக்கற ஆளு.

பேத்தி இல்ல சார். என் பொண்ணு. நான் இவளுக்கு அப்பா. கமலா என் வூட்டுக்காரி. அம்பத்தெட்டு வயசு எனக்கு, முப்பத்தஞ்சுலயே முடி வெளுத்துடுச்சு, கரும்பைக் கடிச்சுக் கடிச்சு முன்பல்லு நாலு போச்சு. ரிட்டயர்டு ஆன அதே மார்ச்சு மாசம், பன்னெண்டாந் தேதி இவ பொறந்தா. மில்லுல ஒரே மேடையில எனக்குச் சால்வையும் போட்டு, கொழந்தைக்குத் தொட்டில் துணியும் குடுத்தாங்க. கை தட்டினாங்களா சிரிச்சாங்களான்னு இன்னும் எனக்குத் தெரியல. அன்னியிலருந்து ஊரு ஜனம் கேட்டா தலையாட்டுவேன், வெளி ஆளு தாத்தான்னா அதுக்கும் தலையாட்டுவேன். முப்பத்தி நாலு வருசத்துல நான் ஒரு தப்பு எண்ட்ரி போட்டதில்லைங்க. நேத்துதான் போட்டேன், குண்டு குண்டா.

கண்டிசன் இன்னான்னா, கள்ளக்குறிச்சியில எறங்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வெளி ஆளு கிட்ட, எம் பொண்ணுன்னு உங்க வாயால சொல்லுங்க, அப்புறம் பேசிக்கலாம்னா. அந்த ஆளு நீங்கதான் சார். நீங்க பேத்திக்கு எவ்ளோ மாசம்னு கேட்டுகினே உக்காந்தீங்க பாருங்க, அப்பவே சொல்லியிருக்கணும். முப்பது கிலோமீட்டரு ஆவுது.

சார், ஒரு ஒதவி. நீங்க முன் படியில எறங்குவீங்களா? அந்தப் பச்சைப் பொடவை கிட்ட, உங்க வூட்டுக்காரரு சொல்லிட்டாரும்மான்னு ஒரு வார்த்தை போட்டுட்டுப் போங்க. நான் போயி சொன்னா, சாட்சி இருக்குதான்னு கேப்பா. எங்கூட இருந்து இருந்து அவளுக்கும் அந்தப் புத்தி வந்துடுச்சு.

இன்னா சிரிக்கறீங்க?

திரும்பியா? யாரு, கமலாவா?

எவ்ளோ நேரமா பாத்துகினு இருக்கறா? எலவனாசூர்கோட்டையில இருந்தா! ஏன் சார் சொல்லல நீங்க? நான் கொழந்தையைப் பாத்துகினே பேசிகினு வந்தேன், தலையத் தூக்கவே இல்லையே.

கையை நீட்டறா. கொழந்தையைக் கேக்கறா போலருக்குது. இல்லையா? பக்கத்து சீட்டைத் தட்டறாளா? பாத்து எறங்குங்க சார், படி ஒசரமா இருக்கும். கும்புடலாம்னா கை காலியா இல்ல, பதினோரு உருப்படிப் பையும் என் பொண்ணும் இருக்கறாங்க.

கமலா, இரு. வரேன்.